கேள்வியைப் பாதியில் விடாதீர்கள்: பிரித்தானியாவின் புதிய எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

2024 ஜூலைத் தேர்தலில் முதன்முறையாக வென்று காமன்ஸ் சபைக்குள் வந்திருக்கும் 335 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் எடின்பரோவில் குடியிருக்கும் தமிழன். காமன்வெல்த் நாடொன்றின் குடியுரிமை வைத்திருப்பவர்களும் இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். போட்டேன். ஓட்டுப் போட்டவனுக்கு மடல் எழுதும் உரிமையும் உண்டு என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், எனக்கு நன்றாகக் கோபப்பட வருகிற மொழி அதுதான். உங்களில் ஒருவர், ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்ற உமா குமரன், ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். மற்றவர்களுக்கு யாராவது மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும்.

நீங்கள் உள்ளே வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2024 ஜூலை 23 அன்று முதல் பாடம் நடத்தப்பட்டது. மூன்றாவது குழந்தை முதல் நலவுதவி கிடையாது என்ற பழைய கன்சர்வேட்டிவ் விதியை நீக்கச் சொல்லும் திருத்தத்துக்கு ஆதரவாக ஆளும் லேபர் கட்சியின் எம்.பி.க்கள் ஏழு பேர் வாக்களித்தார்கள். ஏழு பேரையும் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது தலைமை. அந்த ஏழு பேரும் பழையவர்கள், பாடம் உங்களுக்காக. அப்புறம் என்ன நடந்தது? 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே அரசு, அதே விதியை நீக்குவதாக அறிவித்தது. அப்படியானால் அந்த ஏழு பேர் செய்த குற்றம்தான் என்ன? பதினாறு மாதம் முன்னதாகவே சரியாக இருந்ததா?

2025 ஜூலையில் இன்னும் நான்கு பேர். ஊனமுற்றோர் உதவித்தொகையைக் குறைக்கும் மசோதாவை எதிர்த்ததுதான் முக்கியக் காரணம். அவர்களில் மூன்று பேர், கிறிஸ் ஹிஞ்ச்லிஃப், நீல் டங்கன்-ஜோர்டன், பிரையன் லீஷ்மன், உங்களோடு சேர்ந்து உள்ளே வந்தவர்கள். உங்கள் வகுப்புத் தோழர்கள் என்றே சொல்லலாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தவர் டாம் டியெல். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

டியெல் என்ற பெயர் உங்களில் பலருக்கு 'வெஸ்ட் லோதியன் கேள்வி'யோடு சேர்த்து, பரீட்சைக்குப் படித்த பாடமாகத்தான் தெரிந்திருக்கும். (எழுத்தைப் பார்த்து 'டால்யெல்' என்று படிப்பவர்கள் உண்டு. உச்சரிப்பு டியெல்தான்.) 1962 முதல் 2005 வரை 43 ஆண்டுகள் எம்.பி. ஒரு நாள்கூட அமைச்சர் இல்லை. கடைசி நான்கு ஆண்டுகள் 'சபையின் தந்தை', அதாவது தொடர்ந்து நீண்ட காலம் பணியாற்றிய மூத்த உறுப்பினர். 2017 ஜனவரியில், தன் 84ஆம் வயதில் காலமானார்.

லேபர் கட்சிக்காரர் என்று சொன்னால் நம்ப முடியாத பின்னணி அவருடையது. லின்லித்கோவுக்கு அருகே 'தி பின்ஸ்' என்ற நானூறு ஆண்டுப் பழைய மாளிகையில் வளர்ந்தவர். மூதாதை ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் அரசருக்காக ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியாளர்களை அடக்கி 'ரத்தக்கறை டாம்' என்று பெயரெடுத்த தளபதி. ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. கேம்பிரிட்ஜில் கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தார். 1956இல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் எகிப்தின் மீது படையெடுத்ததைப் பார்த்து வெறுத்துப்போய் லேபருக்கு வந்தார். போனெஸ் ஊரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். சர் பட்டம் பரம்பரையாக வந்தது, அதைப் போட்டுக்கொள்வதில்லை.

1962 ஜூனில் வெஸ்ட் லோதியன் இடைத்தேர்தல். நிலக்கரிச் சுரங்கங்கள், பாத்கேட்டில் அப்போதுதான் தொடங்கிய லாரித் தொழிற்சாலை என்று முழுக்கத் தொழிலாளர் தொகுதி. அங்கே இந்த மாளிகைப் பிள்ளையை நிறுத்தினார்கள், மக்களும் ஜெயிக்க வைத்தார்கள். எதிர்த்து நின்றவர் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் பில்லி வுல்ஃப். அந்த மனிதர் இதே தொகுதியில் டியெலை எதிர்த்து ஏழு தேர்தல்களில் நின்று ஏழிலும் தோற்றார். நடுவில் தன் கட்சிக்குத் தலைவராகவும் ஆனார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான்.

சரி, இப்படிப்பட்ட ஒருவர் அமைச்சராகாமல் 43 வருஷம் என்ன செய்தார்? கேள்வி கேட்டார். ஒரே கேள்வியை, பதில் வரும்வரை, வருஷக்கணக்கில் கேட்டார். அதைத்தான் நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

முதல் பெரிய கேள்வி ஆமைகளைப் பற்றியது. சிரிக்காதீர்கள். இந்தியப் பெருங்கடலில், இன்றைய சீஷெல்ஸ் நாட்டுக்குச் சொந்தமான அல்டாப்ரா என்ற பவளத்தீவில் ராட்சத ஆமைகள் வாழ்கின்றன. பறக்க மறந்துபோன ஒரு பறவையினமும் அங்கே உண்டு. 1960களின் நடுவில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் அந்தத் தீவில் விமானத்தளம் அமைக்கத் திட்டமிட்டது. ராயல் சொசைட்டியின் விஞ்ஞானிகள் பதறினார்கள். விஞ்ஞானிகள் பதறினால் அரசுக்கு என்ன? அவர்களுடைய கவலையைக் கேள்விகளாக மாற்றித் தொடர்ந்து சபைக்குள் கொண்டுபோனவர் டியெல். ஓடுபாதைக்கு என்ன செலவாகும், பறவைகள் விமான எஞ்சினில் மோதினால் என்ன ஆகும், வேறு தீவு பார்த்தீர்களா என்று வரிசையாக. ஆட்சியிலிருந்தது அவருடைய சொந்தக் கட்சி என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி, அத்தீவில் வாழும் ஆமைகளையும் கடற்பறவைகளையும் எதிர்க்கட்சி முன்வரிசையோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்துச் சமாளித்தார். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டு அரசு செலவைச் சுருக்கியபோது அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. காசில்லாததால்தான் நின்றது என்று சொல்லலாம். ஆனால் கத்தி வைக்க வேண்டிய நேரத்தில் எந்தத் திட்டத்தின் மீது முதலில் கண் போகும்? ஏற்கெனவே தலைவலியாகிவிட்ட திட்டத்தின் மீதுதானே? இன்று அல்டாப்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு லட்சம் ஆமைகள் அங்கே நிம்மதியாகப் புல் மேய்கின்றன.

இந்த வெற்றியில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. அதே கடலில், அதே காலத்தில், சாகோஸ் தீவுக்கூட்டத்தின் தியேகோ கார்சியாவை அமெரிக்கத் தளத்துக்காக பிரிட்டன் ஒதுக்கியது. 1968க்கும் 1973க்கும் இடையில் அந்தத் தீவுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆமைகளுக்காகக் குரல் கொடுக்க உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் இருந்தார்கள். தென்னந்தோப்பில் கொப்பரை வெட்டிப் பிழைத்த மனிதர்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் நாதியில்லை. எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே எதைக் கேட்காமல் விட்டோம் என்பதற்கும் கணக்கு உண்டு.

தியேகோ கார்சியா பற்றிய கேள்விகள் இன்னும் தீரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றித்தர 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் உங்கள் மேசைக்குத்தான் வந்தது. ஆனால் 2021 அக்டோபரில் அந்தத் தீவில் கரையேற்றப்பட்ட இலங்கைத் தமிழ் அகதிகளை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கனடாவுக்குக் கிளம்பிய படகு பழுதாகி, காப்பாற்றப்பட்டு அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள். வேலிபோட்ட முகாமில், கூடாரங்களில், எலிகளோடு மூன்று வருஷம். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று, அந்தத் தீவு அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் அதே மாதம் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அத்தோடு கதை முடிந்ததா? அந்த முகாமுக்கு உத்தரவு கொடுத்த அதிகாரி யார், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு, இனி ஒரு படகு வந்தால் என்ன செய்வார்கள்? டியெல் இருந்திருந்தால் இதைப் பாதியில் விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் எல்லை மீறியதும் உண்டு. போர்ட்டன் டவுன் இரசாயன ஆயுத ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தேர்வுக்குழு (அரசைக் கண்காணிக்கும் எம்.பி.க்களின் குழு) விசாரித்த சாட்சியத்தின் நகலை, அது வெளியாகும் முன்பே ஒரு ஞாயிறு பத்திரிகைக்குக் கொடுத்தார். 1968இல் சபையின் உரிமையை மீறியது நிரூபணமாகி, சபையில் எழுந்து நின்று சபாநாயகரின் கண்டனத்தைக் கேட்டுக்கொண்டார். இளம் எம்.பி. ஒருவருக்கு அத்தோடு அரசியல் வாழ்க்கை முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் 37 வருஷம் உட்கார்ந்திருந்தார்.

இனி அந்தப் புகழ்பெற்ற கேள்வி. 1977இல் லேபர் அரசு ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சபைகள் கொடுக்க மசோதா கொண்டுவந்தது. டியெல் மீண்டும் சொந்தக் கட்சிக்கு எதிராகவே எழுந்தார். அவர் சொன்ன உதாரணம் மிக எளிது. பிளாக்பர்ன் என்று இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று இங்கிலாந்தின் லங்காஷயரில், இன்னொன்று அவருடைய வெஸ்ட் லோதியன் தொகுதியில். மசோதா நிறைவேறினால், லங்காஷயர் பிளாக்பர்னின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றி அவர் வெஸ்ட்மின்ஸ்டரில் வாக்களிக்கலாம். தன்னைத் தேர்ந்தெடுத்த பிளாக்பர்னின் பள்ளிக்கூடம் பற்றி வாயைத் திறக்க முடியாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தின் 119 எம்.பி.க்கள் இங்கிலாந்தின் விவகாரங்களைத் தீர்மானிப்பதை இங்கிலாந்து எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும் என்று நவம்பர் 14 அன்று கேட்டார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சலித்துப்போன சக எம்.பி. இனாக் பவல் அதற்கு 'வெஸ்ட் லோதியன் கேள்வி' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்காட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டாம் என்ற டியெலின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. எடின்பரோவின் ஹோலிரூட் நாடாளுமன்றம் வந்தது நல்லதுதான் என்பது இங்கே வாழும் என் கட்சி. இந்தப் பாதை வெளியேறும் வழியில்லாத நெடுஞ்சாலை, போய்ச் சேரும் இடம் தனிநாடு மட்டுமே என்பது அவர் வாதம். 2014 பொதுவாக்கெடுப்பில் 55க்கு 45 என்று ஸ்காட்லாந்து நடுவழியில் நின்றுவிட்டது. ஆனால் முடிவு தவறாக இருந்தாலும் கேள்வி சரியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் கூடுதல் கட்டண மசோதா வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. தப்ப வைத்தவை ஸ்காட்லாந்து லேபர் எம்.பி.க்களின் வாக்குகள். ஸ்காட்லாந்திலேயே படிக்கும் அவர்களுடைய தொகுதி மாணவர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை. 2015இல் கேமரன் அரசு 'இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து வாக்குகள்' என்று ஒரு நடைமுறை கொண்டுவந்தது. யாருக்கும் சரியாகப் புரியாத அந்த நடைமுறையை 2021இல் ஜான்சன் அரசு ரத்து செய்தது. ஆக, 1977இல் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கருணைச் சாவு மசோதா இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமானது. 2025 ஜூன் 20 அன்று 314க்கு 291 என்று 23 வாக்கு வித்தியாசத்தில் அது காமன்ஸில் நிறைவேறியது. அன்று வாக்களித்த ஸ்காட்லாந்து உறுப்பினர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. டியெல் கேட்டது உங்களுக்குக் காதில் விழுந்ததா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதை ஒன்று இருக்கிறது. ஜெனரல் பெல்கிரானோ.

1982 மே 2. ஃபாக்லாந்துப் போர். அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் பெல்கிரானோவை பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கான்கரர் தாக்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், அந்தக் கப்பல் நம் கடற்படையை நெருங்கிக்கொண்டிருந்தது என்று சபையில் சொன்னார். நாடு போர் வெறியில் இருந்த நேரம். எதிர்க்கட்சியான லேபரும் போரை ஆதரித்தது. டியெல் அப்போது கட்சியின் அறிவியல் துறைப் பேச்சாளர். போரை எதிர்த்ததால் அந்தப் பொறுப்பு பறிபோனது.

அவர் கேட்டவை எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். கப்பலை முதலில் கண்டுபிடித்தது எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? தாக்கும்போது அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? ஃபாக்லாந்தைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த 200 மைல் தடை வளையத்துக்கு உள்ளேயா, வெளியேயா? தாக்குதல் உத்தரவு எப்போது கொடுக்கப்பட்டது? பொதுப்படையாக 'போர் நியாயமா?' என்று கேட்டால் அமைச்சர் அரைமணி நேரம் தேசபக்திப் பிரசங்கம் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மணி என்ன, திசை எது என்று கேட்டால் பிரசங்கம் செய்ய முடியாது. ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் முந்தைய பதிலோடு ஒத்துப்போக வேண்டும். மெல்ல மெல்ல வெளிவந்தது: கப்பல் வளையத்துக்கு வெளியே இருந்தது, அர்ஜென்டினாக் கடற்கரையை நோக்கி மேற்கே போய்க்கொண்டிருந்தது, முதலில் சொன்ன விவரங்கள் பிசகு. பெரு நாட்டின் சமாதான முயற்சியைக் கெடுக்கவே பிரதமர் தாட்சர் கப்பலை மூழ்கடிக்கச் சொன்னார் என்பது டியெலின் குற்றச்சாட்டு. அது நிரூபணமாகவில்லை. பெல்கிரானோவின் கேப்டனே பிற்காலத்தில், அந்தத் தாக்குதலைப் போர்ச் செயலாகத்தான் பார்க்கிறேன் என்று சொன்னார். அது வேறு விவாதம். அரசு சபையில் சொன்ன விவரங்கள் தவறானவை என்பது மட்டும் மறுக்க முடியாமல் நின்றது.

தாட்சரைப் பொய்யர் என்று சபைக்குள்ளேயே சொல்லி, வாபஸ் வாங்க மறுத்து, வெளியேற்றப்பட்டதும் ஒருமுறை இருமுறை அல்ல. அடுத்த நாள்களில் வந்து மறுபடி கேட்பார்.

அரசுக்குள் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கிளைவ் பாண்டிங், பாதுகாப்பு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி. டியெலின் கடிதங்களுக்குப் பதில் தயாரிக்கும் வேலை அவரிடம் வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அமைச்சர்கள் அதை ஏற்கவில்லை. 1984 ஜூலையில் இரண்டு ஆவணங்களை, அனுப்புநர் பெயர் இல்லாத உறையில் போட்டு, தபாலில் டியெலுக்கு அனுப்பினார். டியெல் அவற்றைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. போர்ட்டன் டவுன் பாடம் நினைவிருந்ததோ என்னவோ, வெளியுறவுத் தேர்வுக்குழுவிடம் கொடுத்தார். குழுத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் பாதுகாப்பு அமைச்சர் ஹெசல்டைனிடமே திருப்பிக் கொடுத்தார். அரசைக் கண்காணிக்க வேண்டிய குழு, அரசின் தபால்காரராக ஆகிவிட்டது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாண்டிங் மீது 1911ஆம் ஆண்டு அரசு இரகசியச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் வழக்கு. நாட்டின் நலனுக்காக ஒரு எம்.பி.யிடம் கொடுத்தேன் என்பது அவர் வாதம். நாட்டின் நலன் என்றால் அன்றைய அரசின் கொள்கைதான் என்று நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்னார், ஏறக்குறைய குற்றவாளி என்று சொல்லுங்கள் என்ற தொனியில். 1985 பிப்ரவரியில் ஜூரிகள் பாண்டிங்கை விடுவித்தார்கள். அரசு சும்மா இருக்குமா? 1989இல் புதிய அரசு இரகசியச் சட்டம் வந்தது. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க அதில் வழியே வைக்கவில்லை. அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.

ஒரு சாதாரண பின்வரிசை எம்.பி. மணி என்ன, திசை எது என்று விடாமல் கேட்டதில் கிளம்பியவை இத்தனையும்.

லாக்கர்பியும் அப்படித்தான். 1988 டிசம்பரில் அந்த ஸ்காட்லாந்து ஊருக்கு மேலே பான்ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட லிபியர் மெக்ராஹி நிரபராதி என்று கடைசிவரை நம்பினார். அன்றைய அலுவல் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபிறகு நடக்கும் அரைமணி நேர ஒத்திவைப்பு விவாதங்களைப் பத்துக்கும் மேல் இதற்காக வாங்கினார். காலி இருக்கைகள், எதிரே ஓர் அமைச்சர், அவ்வளவுதான் சபை. ஆனால் சொன்னது எல்லாம் சபையின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் ஏறிவிடும். 2003 ஈராக் போரை எதிர்த்த 139 லேபர் எம்.பி.க்களில் அவரும் ஒருவர்.

அவரைச் சிலையாக்கி வைக்க இந்த மடலை எழுதவில்லை. அன்றைய லேபர் பிரதமர் பிளேர் யூத ஆலோசகர்களின் கும்பலொன்றின் பிடியில் இருக்கிறார் என்ற பொருள்பட 2003இல் ஒரு பேட்டியில் சொன்னார். மோசமான பேச்சு. விடாப்பிடி சில சமயம் கண்ணை மறைத்துவிடும்; காணும் இடமெல்லாம் சதி தெரிய ஆரம்பிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயில்கள் உலாவும் மாளிகை வீட்டில் வாழ்ந்தவருக்குக் கட்சித் தலைமையைப் பகைத்துக்கொள்வது எளிது. வீட்டுக்கடன், பள்ளிக்கூடச் செலவு, அடுத்த தேர்தலில் மயிரிழையில் தொங்கும் தொகுதி என்று இருக்கும் உங்களுக்கு அது அவ்வளவு எளிதல்ல. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். காமன்ஸில் ஒரே நேரத்தில் 95 பேருக்கு மேல் அமைச்சர்களாக இருந்து வாக்களிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2024இல் லேபர் ஜெயித்தது 411 இடங்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அந்த நாற்காலி கிடைக்கப்போவதே இல்லை. கிடைக்காத நாற்காலிக்காக எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள்? அமைச்சர் பேசும்போது பின்னால் உட்கார்ந்து தலையாட்டுவதும், 'இந்தச் சிறப்பான திட்டத்துக்காக அமைச்சரைப் பாராட்டுகிறேன், என் தொகுதிக்கு வருகை தருவாரா?' என்று எழுதிக்கொடுத்த கேள்வியைப் படிப்பதும்தான் வேலை என்றால், தொகுதி மக்களுக்கு ஒரு ஒலிபெருக்கியே போதும். ஆளும் கட்சிக்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. எதிர்வரிசையில் இருப்பவர்களும் அன்றைய தலைப்புச் செய்திக்கு ஒரு வீடியோவை வெட்டிப் போட்டுவிட்டு மறுநாள் வேறு விஷயத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். ஒரு கேள்வியின் ஆயுள் ஒரு நாள் என்றால் எந்த அமைச்சருக்கு வியர்க்கும்?

நீங்கள் எழுத்துக் கேள்வி போடுவீர்கள், 'இந்தத் தகவல் ஒரே இடத்தில் திரட்டி வைக்கப்படவில்லை' என்று பதில் வரும். அல்லது 'திரட்டினால் அளவுக்கு மீறிச் செலவாகும்' என்று வரும். உங்கள் உதவியாளர் அதைக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரே இடத்தில் இல்லை என்றால் எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒரு மாவட்டத்துக்கு மட்டும் கேட்டால் எவ்வளவு செலவாகும்? அந்தக் கணக்கைப் போட்டவர் யார்? எல்லாவற்றையும் பற்றிக் கேட்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு விஷயம், அதிகம் போனால் இரண்டு. அதை அமைச்சரைவிட நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். விஷயம் தெரிந்த எம்.பி. எழுந்தால் எதிரே இருப்பவரின் குரலே மாறிவிடும் என்பதை நீங்கள் இதற்குள் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு தரப்பிலும் உள்ள கொறடாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிளவு, கட்டுப்பாடு என்று நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. சொந்த அரசையே சங்கடப்படுத்திய டியெல், 1962 இடைத்தேர்தலையும் சேர்த்துப் பன்னிரண்டு முறை லேபர் சின்னத்தில் வென்றார். அவரை வைத்துக்கொண்டதால் கட்சி உடைந்துவிடவில்லை.

எல்லாம் சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். 1989 அரசு இரகசியச் சட்டத்தில் பொதுநலன் என்ற பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும் என்று 2020இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2023இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பரிந்துரையை அன்றைய அரசு கண்டுகொள்ளவில்லை. இன்று ஓர் அதிகாரி உங்களிடம் உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தால், பாண்டிங்குக்குக் கிடைத்த அந்த வாய்ப்புகூட அவருக்குக் கிடையாது. எனவே உள்துறை அமைச்சரிடம் எழுத்துக் கேள்வி ஒன்று போடுங்கள்: அந்தப் பரிந்துரையை இந்த அரசு ஏற்கிறதா? ஏற்கவில்லை என்றால், ஏன்? 'எல்லாச் சட்டங்களும் தொடர்ந்து பரிசீலனையில் உள்ளன' என்று பதில் வரும். அடுத்த வாரம் மறுபடி போடுங்கள். பரிசீலிப்பவர் யார், எப்போது தொடங்கினார், எப்போது முடிப்பார் என்று கேளுங்கள்.

முதலில் போடும் எம்.பி. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, பதில் வந்ததும் அதை இங்கே தமிழில் வெளியிடும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
எடின்பரோவிலிருந்து ஒரு வாக்காளன்